ஞாயிற்றுக்கிழமை அல்வா யார் முறை?

கேள்வி: எனக்கு 62 வயது. பாளையங்கோட்டையில் ஒரே பள்ளியில் படித்த நாங்கள் ஏழு பேர், ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் மாலை 5 மணிக்கு யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுகிறோம். சீட்டு, அரட்டை, காபி. வீட்டுக்காரருக்குச் செலவு வைக்கக் கூடாது என்று, இனிப்பை மட்டும் முறை வைத்து ஒருவர் வாங்கி வருவது ஏற்பாடு. பெரும்பாலும் அல்வா, ஒரு கிலோ. சில வாரம் மஸ்கோத் அல்வா, முந்திரிக்கொத்து, தூத்துக்குடி மக்ரூன். மூன்று மாதம் முன்பு எங்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் 8. மாத்திரை சாப்பிடுகிறார். "உங்க ஞாயித்துக்கிழமை அல்வாதான் இவரை இந்தக் கதிக்கு ஆளாக்குச்சு" என்று அவர் மனைவி எங்களிடமே சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்களுக்குள் மூன்று கட்சி. ஒருவர் இனிப்பையே நிறுத்து என்கிறார். ஒருவர் கருப்பட்டியில் செய்தது என்றால் பரவாயில்லை என்கிறார். இன்னொருவர் 'சுகர் ஃப்ரீ' இனிப்பு ஒரு பெட்டி வாங்கி வந்து எல்லார் வயிற்றையும் கலக்கிவிட்டார். நண்பரோ, மதியம் சாப்பிடாமல் வந்தால் சரிக்குச் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு கொஞ்ச நாள் வந்தார். இப்போது இரண்டு வாரமாக ஆளைக் காணோம். அடுத்த ஞாயிறு என் முறை. என்ன வாங்கிக்கொண்டு போவது?
(பெயர் வெளியிட வேண்டாம், திருநெல்வேலி)

பதில்:

அண்ணாச்சி, நானும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான். இருபது வருடமாக உணவியல் ஆலோசகர் வேலை. அல்வாவை அப்புறம் பார்ப்போம். நண்பர் மதியம் சாப்பிடாமல் வருகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் நிறுத்த வேண்டும்.

அவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று கடிதத்தில் இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய பயம் இல்லை. அது தனியாக ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகள் அப்படியல்ல. அவை கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு உள்ளே வந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காது. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையையும் பரவலாக எழுதிக்கொடுக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சாப்பிடுகிறவருக்கே பல நேரம் தெரியாது. அட்டையைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். காலையில் அதைப் போட்டுக்கொண்டு, மதியம் பட்டினி கிடந்து, 5 மணிக்கு மாடிப்படி ஏறினால் கை நடுங்கலாம், வியர்த்து ஊற்றலாம், பேச்சு குழறலாம். சீட்டை மாற்றிப் போடுவார், நீங்கள் எல்லோரும் கேலி செய்துகொண்டிருப்பீர்கள்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போவதைத்தான் தாழ்சர்க்கரை என்கிறோம். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சீனியையோ குளுக்கோஸ் பவுடரையோ தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு கிலோ அல்வா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நெய்யோடு சேர்ந்த சீனி ரத்தத்தில் ஏற நேரம் எடுக்கும். வெறும் சீனிதான் அங்கே மருந்து. ஆக, உங்கள் மாடியில் இனிப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு டப்பா சீனி இருக்கட்டும்.

மதியச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டலாம். வேளையை விடக் கூடாது.

இனி நண்பரின் மனைவி, நம் மதினி வைத்த குற்றச்சாட்டு. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும். அத்தனை நாளும் அதன்மேல் ஒட்டிய சர்க்கரையின் கணக்குதான் ஹெச்பிஏ1சி. 8 என்றால் காலை, மாலை, நடுச்சாமம் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 100 மில்லி ரத்தத்தில் 183 மில்லிகிராம் சர்க்கரை ஓடியிருக்கிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம் தின்றது மட்டும் இதைச் செய்துவிட முடியாது. வயது, பரம்பரை, தொப்பை, மூன்று வேளையும் அரிசி, வேலையை விட்ட பிறகு குறைந்துபோன நடை என்று இந்த வழக்கில் பங்காளிகள் நிறைய. அல்வாவும் ஒரு பங்காளி. அதன் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

வீட்டில் அல்வா கிண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, ஒரு கப் கோதுமைக்கு இரண்டு கப்புக்குக் குறையாமல் சீனி போட்டு, தோள் வலிக்கக் கிண்டிக்கொண்டே நெய் விட வேண்டும். கடைசியில் எடை போட்டால் பத்துப் பங்கில் நாலு முதல் ஐந்து பங்கு சீனி. ஒரு கிலோவை ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 143 கிராம். அதில் சீனி மட்டும் 57 முதல் 71 கிராம் வரை, அதாவது பத்து டீஸ்பூனைத் தாண்டி. 2000 கலோரி சாப்பிடுகிற ஆளுக்கு நாள் முழுவதற்கும் 50 கிராம்தான் எல்லை, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு. காபியில் போடுகிற சீனியும் அதில் சேர்த்தி. நோய் இல்லாத ஆளுக்கே இது அதிகம், அண்ணாச்சி.

இந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? என் ஊகம், தொடக்கத்தில் யாரோ அரைக் கிலோ வாங்கியிருப்பார். அடுத்தவர் கஞ்சன் என்று பேர் வாங்கக் கூடாதே என்று முக்கால் வாங்கியிருப்பார். முறை வைத்துச் செய்கிற எல்லாக் காரியத்திலும் இப்படித்தான் அளவு ஏறும். கொண்டுவருகிறவருக்குத் தட்டில் மிஞ்ச வேண்டும், வீட்டுக்காரருக்கு மிஞ்சக் கூடாது. மிஞ்சியதை இலையில் மடித்து "பிள்ளைகளுக்குக் கொடுங்க" என்று ஆளாளுக்குக் கையில் திணிப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பார்கள். அந்தப் பொட்டலத்தைத் திங்கட்கிழமை காலை யார் தின்றார்கள் என்பது என் தொழிலில் பெரிய ரகசியம் இல்லை.

கருப்பட்டிக் கட்சிக்கு வருகிறேன். நம்மூர்ப் பேச்சில் சீனி வேறு, சர்க்கரை வேறு, கருப்பட்டி வேறு. குடலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற ஒரே பொருள்தான். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, மணம் உண்டு, பனை ஏறுகிறவருக்கு நாலு காசு போகும். அந்தக் காரணங்களுக்காக வாங்குங்கள், நானும் வாங்குகிறேன். ரத்தச் சர்க்கரை ஏறாது என்று நம்பி ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டால் ஏமாற்றம்தான். கருப்பட்டியிலேயே சீனியைக் கலந்து காய்ச்சுவதும் நடக்கிறது. பதநீரும் அப்படித்தான். ஒரு டம்ளரில் நாலைந்து டீஸ்பூன் சீனிக்குச் சமமானது இருக்கிறது.

சுகர் ஃப்ரீ பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால் மால்டிடால் அல்லது சார்பிடால் என்ற மாற்று இனிப்பின் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். அவை சிறுகுடலில் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதிக்கும். வாயு, வயிற்றுப்போக்கு எல்லாம் அதனால்தான். ஒரு துண்டோடு நிறுத்தியிருந்தால் வயிறு பொறுத்துக்கொண்டிருக்கும். "இதுலதான் சீனி இல்லையே" என்று ஆளுக்கு மூன்று எடுத்திருப்பீர்கள். சீனி இல்லாவிட்டாலும் அதில் நெய் இருக்கும், மாவு இருக்கும், பால்கோவா வகை என்றால் பாலிலேயே உள்ள சர்க்கரை இருக்கும். 'சீனி சேர்க்காதது' என்று விற்கிற பேரீச்சம்பழ லட்டும் இதே கதை. காய்ந்த பேரீச்சம்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் அதன் சொந்தச் சர்க்கரை.

அப்படியானால் நிறுத்திவிடலாம் என்கிறவர் சொல்வதுதானே சரி என்று கேட்பீர்கள். இங்கேதான் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. அம்மா சீனி டப்பாவைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். விசேஷ வீடுகளில் அப்பாவின் இலைக்கு இனிப்பு வரும் முன்பே "அவுகளுக்கு வேண்டாம்" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாள். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு நாள் துவைக்கப் போட்ட அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்தேன். இடப்பக்கப் பையின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு நெய்க்கறை. முகர்ந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை. அடுத்த வாரச் சட்டையிலும் அதே இடத்தில் அதே கறை. ஆபீஸ் விட்டு வரும்போது நூறு கிராம் வாங்கி, நின்ற நிலையிலேயே பாதியைத் தின்றுவிட்டு, மீதியைப் பேப்பரோடு பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். டாக்டர் கேட்டபோது, "இனிப்பா, தொடுறதே இல்ல சார்" என்றார். டாக்டர் நம்பினார். இவ்வளவு பத்தியத்திலும் இறங்கவில்லையே என்று மாத்திரையைக் கூட்டினார். அந்தக் கறையை நான் சோப்புப் போட்டுத் தேய்த்தேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் படிப்புக்கு வருவதற்கு முந்தைய கதை இது.

அதனால்தான் நிறுத்து என்ற கட்சியை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அவர் ஒருவருக்காக ஆறு வாய்க்கு அல்வா போச்சு என்று நீங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள். ஆனால் அது அவருக்குக் கேட்கும். இரண்டு வாரமாக வராததற்குக் காரணம் அல்வாவின் மேல் உள்ள பயமாக இருக்காது. தட்டு தன் பக்கம் வரும்போது ஆறு ஜோடிக் கண்ணும் தன் கையைப் பார்ப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கு இப்படிச் செய்து பாருங்கள். அல்வா கால் கிலோ போதும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு 36 கிராம் வரும், ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவுதான். சீனி 14 முதல் 18 கிராம். பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைக்காதீர்கள். நடுவில் வைத்த அல்வாவை விரல் தானாகத் தேடிப் போகும், எனக்கும் போகும். ஏழு சின்னக் கிண்ணத்தில் முதலிலேயே பிரித்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு இருக்கட்டும். ஒருவருக்கு மட்டும் சுண்டைக்காய் அளவு என்றால் அது மறுபடியும் பந்தி அறிவிப்புதான்.

இனிப்பை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். முதலில் சுண்டல். கொண்டைக்கடலையோ தட்டப்பயறோ, தேங்காய்த் துருவல் போட்டு, ஆளுக்கு ஒரு கிண்ணம். புரதமும் நாரும் முன்னால் போனால் பின்னால் வருகிற சீனி மெதுவாக ஏறும். காபியில் சீனியை எல்லோரும் விடுங்கள். அல்வாவுக்குப் பக்கத்தில் கசப்புக் காபி எவ்வளவு பொருத்தம் என்று ஒரு தரம் குடித்துப் பார்த்தால் தெரியும். சீட்டு முடிந்ததும் நேரே ஸ்கூட்டர் ஏறாமல், வ.உ.சி. மைதானம் பக்கம் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். நடக்கிற கால் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அரட்டையை அங்கேயும் தொடரலாம்.

அவர் அல்வா சாப்பிடலாமா என்று நேராகக் கேட்டிருந்தால், அந்த அளவில், சுண்டலுக்குப் பிறகு, வாரத்தில் ஒரு நாள் என்றால் பெரும்பாலானவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. அன்று இரவு இரண்டு இட்லியைக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடும் முன்பும், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும். இரண்டாவது எண் 180-க்குள் நின்றால் அவரே தைரியமாவார். தாண்டிப் போனால் யாரும் சொல்லாமலே அடுத்த வாரம் பாதியை ஒதுக்குவார். ஆனால் சிறுநீரகம், கண், இதயம் என்று வேறு ஏதாவது சிக்கல் இருந்தாலோ, அவருடைய டாக்டர் இப்போதைக்கு இனிப்பே வேண்டாம் என்று சொல்லியிருந்தாலோ அதுதான் முடிவு. அப்போது அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தால், "ஒரு வாய்தானடே" என்ற வற்புறுத்தலும் வேண்டாம், "ஆகா, என்ன கட்டுப்பாடு" என்ற பாராட்டும் வேண்டாம். அடுத்த சீட்டைப் போடுங்கள்.

அவருடைய முறையை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். அவர் முறை வரும்போது அவரே வாங்கி வரட்டும். என்ன வாங்குவார் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. சித்திரை, வைகாசியில் நுங்கு வாங்கலாம், மேலே சீனி தூவாமல். மற்ற மாதங்களில் கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவினால் அது இனிப்பா காரமா என்று ஒரு பட்டிமன்றமே நடக்கும். கோவில்பட்டி கடலை மிட்டாயிலும் வெல்லப்பாகு இருக்கிறது, ஆனால் கடலையும் கூட வருவதால் ஒரு சின்னத் துண்டிலேயே வாய் நிறைந்துவிடும். மக்ரூனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எடை இல்லாமல் இருப்பதால் எண்ணிக்கை தெரியாது. முட்டை வெள்ளையும் முந்திரியும் போக மீதி சீனிதான்.

கடைசியாக, உங்கள் ஆறு பேரைப் பற்றி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், தமிழ்நாட்டில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஏழு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூட்டத்துக்குச் சரியாக வருகிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அது இருபது வயதுக்காரர்களையும் சேர்த்த கணக்கு. அறுபதைத் தாண்டிய ஏழு பேரில் ஒருவருக்குத்தான் என்றால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். மற்றவர்கள் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஆறு பேரும் சேர்ந்தே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். 100-க்கும் 125-க்கும் நடுவில் என்றால் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

மதினிக்கு ஒரு போன் போடுங்கள். சமாதானம் பேச வேண்டாம். அவர் சொன்னதில் பாதி சரி என்று ஒத்துக்கொள்ளுங்கள், ஒரு கிலோ கால் கிலோவாகிவிட்டது என்று சொல்லுங்கள், மதியம் பட்டினி போட்டு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நண்பரிடம் தனியாகப் பேசுங்கள், அதுவும் சனிக்கிழமைக்குள். "நாளைக்கு என் முறை. என்னடே வாங்கட்டும்?" என்று கேட்டால் போதும். அல்வா என்றால் கால் கிலோ. வேண்டாம் என்றால் சுண்டல் மட்டும். எதுவானாலும் சுண்டலுக்குக் கடலையை அன்று ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள், அது ஊற எட்டு மணி நேரமாவது வேண்டும்.